ஆக்டேன் எண்ணுக்குள் இருக்கும் 13 பாகை

எஞ்சின் சிலிண்டருக்குள் எரிபொருள்-காற்றுக் கலவையின் ஒரு பகுதி தானே பற்றி வெடித்து எழுப்பும் தட்டொலியே நாக்கிங். அதன் வரலாறு இன்றும் பெரிதும் தாமஸ் பாய்ட் வகுத்த வழியிலேயே சொல்லப்படுகிறது. நாக்கிங்கை ஆராய்ந்த கெட்டரிங், மிட்ஜ்லி இருவருடனும் ஆய்வகத்தில் பணியாற்றிய பாய்ட், கெட்டரிங்கின் வாழ்க்கை வரலாற்றை 1957இல் வெளியிட்டார். அவர் தரும் சித்திரம் தெளிவானது: நாக்கிங்குக்கான பழி கெட்டரிங் வடிவமைத்த பேட்டரி இக்னிஷன்மேல் விழுந்தது, ஆய்வு அதைத் துடைத்தது, குற்றம் எரிபொருளுடையது என்று நிலைநாட்டப்பட்டது.

இவ்வாசிப்புக்கு வலுவான சான்று உண்டு. ஸ்பார்க்குக்கு முன்பே கலவை பற்றிக்கொள்வதுதான் நாக்கிங் என்ற எண்ணத்தை மிட்ஜ்லியின் அழுத்தப் பதிவுகள் தகர்த்தன. அது ஸ்பார்க்குக்குப் பின்னரே நிகழ்கிறது. 1921 டிசம்பர் 9 அன்று சோதிக்கப்பட்ட டெட்ராஎத்தில் லெட், பெட்ரோலில் சிறிதளவு கலந்ததுமே ஓசையை அடக்கியது. ஆனால் மருந்து எரிபொருளில் கிடைத்தது என்பதாலேயே நோயும் அங்கேதான் இருந்தது என்று ஆகிவிடாது. பாய்டிடம் நான் மறுப்பது இந்தத் தாவலை.

மறுப்புக்கான சான்று, எரிபொருள் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் ஆக்டேன் அளவீட்டிலேயே இருக்கிறது. 1926இல் கிரஹாம் எட்கர் ஐசோஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று அளவுகோல் வகுத்தார். அதன்படி பெட்ரோலை மதிப்பிடுவது, அழுத்த விகிதத்தை மாற்றக்கூடிய சிஎஃப்ஆர் என்ற சோதனை எஞ்சின். அதில் இரண்டு சோதனை முறைகள் உண்டு. ஆய்வு முறையில் அது நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும். பிஸ்டன் உச்சியை எட்ட கிராங்க் சுழற்சியில் 13 பாகை இருக்கும்போது ஸ்பார்க் விழும். மோட்டார் முறையில் 900 சுற்று. கலவை 149 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றப்படும். அழுத்த விகிதத்துக்கேற்ப ஸ்பார்க் நேரமும் நகரும். ஒரே பெட்ரோல் முதல் முறையில் 95, இரண்டாவதில் 85 என்று வரலாம்.

இந்த 13 பாகையைக் கடந்துபோக எனக்கு மனமில்லை. அதை மாற்றினால் நாக்கிங் தொடங்கும் இடமும் மாறும். எனவே ஆக்டேன் எண் என்பது, குறித்த எஞ்சினில், குறித்த நேரத்தில் விழும் ஸ்பார்க்குக்கு எரிபொருள் தரும் விடை. 1932இல் பென்சில்வேனியாவின் யூனியன்டவுன் அருகே மலைச்சாலையில் கார்களை ஓட்டிச் சோதித்தபோது, ஆய்வக எண்கள் சாலையோடு ஒத்துப்போகவில்லை. அதனால் பிறந்ததே கடுமையான மோட்டார் முறை. நாக்கிங் எரிபொருளும் எஞ்சினும் சேர்ந்த விளைவு என்று அச்சோதனையாளர்கள் கோட்பாடாக அறிவித்தார்கள் என நான் சொல்லவில்லை. ஆனால் அப்படிக் கொள்ளாமல் அவர்கள் செய்த திருத்தத்துக்குப் பொருளே இல்லை.

நாக்கிங் ஒரு கூட்டு விளைவு என்பதைக் கணினிக் காலம் உறுதிப்படுத்துகிறது. நாக்கிங்கின்போது சிலிண்டருக்குள் அழுத்த அலை எந்த அதிர்வெண்ணில் அதிரும் என்பதை 1930களிலேயே டிரேப்பர் என்ற பொறியாளர் கணக்கிட்டிருந்தார். சுமார் 90 மில்லிமீட்டர் விட்டத்துக்கு அது ஏறத்தாழ 6 கிலோஹெர்ட்ஸ். அவ்வதிர்வை உணரும் சென்சாரோடு வந்தது 1978 பியூக் டர்போ வி6. அதன் மின்னணுப் பெட்டி நாக்கிங்கை உணர்ந்ததும் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தியது. 1979இல் பிஎம்டபிள்யூ 732ஐயில் வந்த போஷ் மோட்ரானிக், ஸ்பார்க்கையும் எரிபொருள் அளவையும் ஒரே கணினியின்கீழ் கொண்டுவந்தது. 1982 சாப் டர்போவின் ஏபிசி அமைப்போ ஸ்பார்க்கைத் தொடாமல் டர்போ அழுத்தத்தைக் குறைத்தது. மின்னணு நாக்கிங் கட்டுப்பாட்டின் தொடக்கமாக எதைச் சொல்வது என்பது, எதை அதன் இன்றியமையாத கூறாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒற்றை ஆண்டைச் சுட்ட நான் தயங்குகிறேன்.

ஆனால் திசையில் ஐயமில்லை. கெட்டரிங் ஆய்வுத் தலைவராக இருந்த ஜெனரல் மோட்டார்ஸின் பியூக்கே, எரிபொருளை விட்டுவிட்டு ஸ்பார்க்கின் வழியாக நாக்கிங்கை அடக்கியது. இன்றைய எஞ்சின் கணினியான இசியூ நாக்கிங்கை உணர்ந்ததும் ஸ்பார்க்கைச் சில பாகை பின்தள்ளி, பிறகு மெல்ல முன்னேற்றுகிறது. குறைந்த ஆக்டேன் பெட்ரோலில் ஓசை கேட்காமல் போகலாம். இழப்பு இழுவிசையில் தெரியும். கூடுதல் ஆக்டேனும், ஸ்பார்க்கையோ டர்போ அழுத்தத்தையோ உயர்த்த இசியூவில் இடம் இருந்தால்தான் பயன்தரும். எரிபொருளை மட்டும் நிறுத்தி விசாரிக்கும் வரலாறு இந்த இரண்டையும் விளக்காது.