துப்பாக்கி உரிமம்: இந்தியச் சட்டம் சொல்வது என்ன?

புதுதில்லி: உரிமம் பெறாத துப்பாக்கியால் நடந்த கொலை தொடர்பான ஜாமீன் மனுவை 2023 பிப்ரவரியில் விசாரித்த உச்ச நீதிமன்றம், உத்தரப் பிரதேசத்தில் இத்தகைய ஆயுதங்கள் புழங்குவது குறித்துத் தாமாக முன்வந்து விசாரணையைத் தொடங்கியது. ஆயுதம் வைத்திருப்பது அமெரிக்காவில் அரசமைப்புச் சட்டம் அளித்த உரிமை. இந்தியாவில் அத்தகைய அடிப்படை உரிமை எவருக்கும் இல்லை என நீதிபதிகள் கே.எம். ஜோசப், பி.வி. நாகரத்னா அமர்வு சுட்டிக்காட்டியது.

இங்கே துப்பாக்கி, அரசு அளிக்கும் அனுமதியைப் பொறுத்தது. 1878-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டத்துக்குப் பதிலாக 1959-இல் இயற்றப்பட்ட ஆயுதச் சட்டத்தின்படி, தற்காப்பு, பயிர்ப் பாதுகாப்பு, துப்பாக்கி சுடும் விளையாட்டு போன்ற காரணங்களைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை அறிக்கையைப் பெற்ற பிறகே உரிமம் வழங்கும் அதிகாரி முடிவெடுப்பார்.

இச்சட்டம் 2019 டிசம்பரில் கடுமையாக்கப்பட்டது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை 3-லிருந்து 2 ஆனது. ஒன்று மட்டுமே என்பதுதான் மசோதாவின் முதல் வடிவம். எதிர்ப்பு எழுந்ததால் அரசு இறங்கி வந்தது. உரிமத்தின் காலம் 3 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாக நீண்டது. சட்டவிரோதமாக ஆயுதம் தயாரித்தால் குறைந்தபட்சம் 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. திருமண ஊர்வலத்திலும் கோயில் விழாவிலும் மகிழ்ச்சிக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது தனிக் குற்றமானது. அதற்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். வட மாநிலங்களில் மணமகனும் விருந்தினரும் இவ்வாறு உயிரிழந்த செய்திகள் புதியவை அல்ல.

ஆனால் சிக்கலின் பெரும்பகுதி உரிமப் பதிவேட்டுக்கு வெளியே இருக்கிறது. ஜெனீவாவைச் சேர்ந்த சிறு ஆயுதங்கள் ஆய்வு அமைப்பின் 2017-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியப் பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகள் சுமார் 7.11 கோடி. அவற்றில் பதிவு பெற்றவை 97 லட்சம் மட்டுமே. மீதியில் பல, 'கட்டா' எனப்படும் நாட்டுத் துப்பாக்கிகள். பீகாரின் முங்கேர் இத்தொழிலுக்குப் பெயர் போனது. வங்க நவாப் மீர் காசிம் 18-ஆம் நூற்றாண்டில் அங்கு ஆயுதச் சாலை அமைத்த காலம் தொட்டு வரும் கைத்திறன் அது. உரிமம் பெற்ற தொழிற்கூடங்களும் அங்கு உண்டு. வேலை குறைந்தபோது கள்ளத் தயாரிப்பு பெருகியது.

உரிமம் பெற்றோர் கேட்பது இதைத்தான்: முறையாகப் பதிவு செய்த ஒற்றைக்குழல் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வதால் கட்டா குறையுமா? கேள்வியில் நியாயம் உண்டு. எனினும் திருமண வீட்டில் சுடப்படுவது பெரும்பாலும் ஆடம்பரச் சின்னமாகக் காட்டப்படும் உரிமத் துப்பாக்கியே என்பது மறுதரப்பின் பதில். ஆயுதங்களைப் பொது இடங்களிலும் சமூக ஊடகங்களிலும் காட்சிப்படுத்தவும், துப்பாக்கிக் கலாச்சாரத்தைப் புகழும் பாடல்களுக்கும் 2022 நவம்பரில் தடை விதித்த பஞ்சாப் அரசு, உரிமங்கள் அனைத்தையும் மறுஆய்வு செய்யவும் உத்தரவிட்டது.

தேர்தல் காலத்தில் மட்டும் கட்டுப்பாடு நாடெங்கும் இறுகுகிறது. மாவட்ட அளவிலான பரிசீலனைக் குழு ஒவ்வொரு உரிமத்தையும் ஆராய்ந்து, தேவை எனக் கருதுவோரின் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் செய்கிறது. முடிவுகள் வெளியானபின் அவை உரியவர்களிடம் திரும்பிச் செல்கின்றன.