மகரக்கட்டுக்குப் பின்

சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் இருந்த பையன்களுக்குப் பசியைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மகரக்கட்டு. பதினாலு, பதினைந்து வயதில் குரல் உடையும். நேற்றுவரை மேல் ஸ்தாயியில் நின்று விளையாடியவன் இன்று வாயைத் திறந்தால் தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருக்கும். மைக் இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசிக் கோடியில் இருப்பவனுக்கும் பாட்டுக் கேட்டாக வேண்டும். குரல் போனவனுக்கு ராஜபார்ட் என்கிற கதாநாயக வேஷம் கிடையாது. வேஷங்கள் சிறுத்துக்கொண்டே வரும், கடைசியில் ஊருக்கு வண்டி ஏற வேண்டியதுதான்.

புதுக்கோட்டை உலகநாத பிள்ளை மகன் சின்னப்பாவும் அப்படித்தான் ஊர் திரும்பினார்.

1916 மே 5ஆம் தேதி பிறந்தவர். அப்பாவும் நாடக நடிகர். மேடையில் ராஜா, வீட்டில் தரித்திரம். படிப்பு சீக்கிரமே நின்றது. பையன் கயிறு திரிக்கும் கடையில் மாதம் ஐந்து ரூபாய்க்கு வேலை பார்த்தான் என்பார்கள். பிறகு சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் கொஞ்ச காலம். அங்கிருந்து மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. சம்பளம் 15 ரூபாய்.

ஒரு நாள் பையன் தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தது கம்பெனியை நடத்திய சச்சிதானந்தம் பிள்ளையின் காதில் விழுந்தது. சம்பளம் ஒரே தாவாக 75 ஆனது. கூடவே கதாநாயக வேஷமும். அதே கம்பெனியில் சில்லறை வேஷங்கள் கட்டிக்கொண்டிருந்த இன்னொரு பையன் பெயர் எம்.ஜி. ராமச்சந்திரன். காளி என். ரத்தினம் அங்கே வாத்தியார்.

எழுபத்தைந்து ரூபாய்ப் புகழுக்கு ஆயுசு குறைவு. மகரக்கட்டு வந்தது.

சின்னப்பாவை எழுதுகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். என் கணிப்பில், பின்னாளில் திரையில் நாம் பார்க்கிற சின்னப்பா உருவானது இந்த வேலையில்லாக் காலத்தில்தான். குரல் திரும்பட்டும் என்று அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. முறையாகச் சங்கீதம் கற்றார். சிலம்பம், குஸ்தி, சுருள்கத்தி, பாரம் தூக்குதல் என்று உடம்பைத் தயார் செய்தார். பாட மட்டும் தெரிந்த நடிகர்கள் நிறைந்திருந்த காலத்தில் கம்பெடுத்து இறங்கவும் தெரிந்த ஒருவர் தயாரானார்.

சினிமா உடனே கைகொடுத்தது என்று சொல்ல முடியாது. 1936இல் ஜூபிடரின் ‘சந்திரகாந்தா’வில் சுண்டூர் இளவரசன் வேஷம் பேர் வாங்கித் தந்தது. அடுத்தடுத்து வந்த படங்கள் எடுபடவில்லை. மறுபடி புதுக்கோட்டை, மறுபடி சும்மா. மனம் வெறுத்து நாற்பது நாள் மௌன விரதம் இருந்தாராம்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் கூப்பிட்டனுப்பியது அப்போதுதான். அலெக்சாண்டர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதை தமிழில் ‘உத்தமபுத்திரன்’ ஆகி 1940இல் வந்தது. தமிழ்ப் படத்தில் இரட்டை வேஷம் அதுவே முதல் தடவை. கொடியவன் ஒருவன், நல்லவன் ஒருவன், இருவரும் சின்னப்பா. 1958இல் சிவாஜி அதே தலைப்பில், அதே இரட்டை வேஷத்தில் நடித்தது தனிக் கதை. ‘ஆர்யமாலா’ (1941), இளங்கோவன் வசனத்தில் ‘கண்ணகி’ (1942), ‘மனோன்மணி’ (1942) என்று வரிசையாக ஓட, தமிழ்நாட்டு ரசிகர்கள் அன்றைய இன்னொரு பாடும் நட்சத்திரமான தியாகராஜ பாகவதர் கட்சி, சின்னப்பா கட்சி என்று இரண்டாகப் பிரிந்தார்கள்.

குரலில் பாகவதரோடு யாரும் மல்லுக்கு நிற்க முடியாது. அதைச் சின்னப்பா கட்சிக்காரர்களே தனியாக இருக்கும்போது ஒப்புக்கொண்டிருப்பார்கள். ஆனால் ‘ஜகதலப்ரதாபன்’ (1944) கச்சேரிக் காட்சியைப் பாருங்கள். நடுவில் உட்கார்ந்து பாடுகிறவர் சின்னப்பா. பக்கவாத்தியக்காரர்களும் அவரே. ஒரே சட்டத்துக்குள் ஐந்து சின்னப்பாக்கள். கேமரா தந்திரம் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் ஆளுக்கு ஆள் உட்காரும் தோரணை வேறு, தலையாட்டல் வேறு. பாட்டுக்காரர் சங்கதி போட்டால் அந்தந்த வாத்தியக்காரருக்கே உரிய மிடுக்கோடு பதில் வருகிறது. மாமூண்டியா பிள்ளையும் தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் கஞ்சிரா வாசித்த ஊரின் பிள்ளைக்குப் பக்கவாத்தியக்காரர் சேட்டைகளை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அந்த வருஷக் கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். 1947 வரை சிறை. களத்தில் சின்னப்பாவுக்கு எதிரே ஆளில்லை. இருந்தும் பாகவதரின் ‘ஹரிதாஸ்’ அளவுக்கு ஒரு வெற்றி சின்னப்பாவுக்கு அந்த இடைவெளியில் வாய்க்கவில்லை. போட்டி இருந்தபோது கொடுத்த படங்களே அவருடைய சிறந்த படங்கள்.

வந்த பணத்தை எல்லாம் சொந்த ஊரில் வீடுகளாக மாற்றினார். விலைக்கு வருகிறது என்று காதில் விழுந்தால் போதும், வாங்கிவிடுவார். இனிமேல் சின்னப்பா புதுக்கோட்டையில் வீடு வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டது என்று கீழராஜ வீதிப் பெரியவர்கள் இன்றைக்கும் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். சின்ன வயதுத் தரித்திரம் அந்த மனிதரை அப்படி விரட்டியிருக்க வேண்டும். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து, தடை போட ராஜாவும் இல்லாமல் போனார்.

1949இல் ‘மங்கையர்க்கரசி’யில் மூன்று வேஷம். அதே ஆண்டு ‘ரத்னகுமார்’. சின்னப்பா கதாநாயகன், பழைய கம்பெனித் தோழர் எம்.ஜி.ஆர். சிறு வேடத்தில். 1951 செப்டம்பர் 23ஆம் தேதி, முப்பத்தைந்து வயதில், புதுக்கோட்டையிலேயே திடீரென்று காலமானார். ‘சுதர்சன்’ அதற்குப் பிறகே திரைக்கு வந்தது.

ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியின் வாத்தியார் காளி என். ரத்தினம் அடுத்த வாரம்.

(தொடரும்)