கார்க்கி பார்த்த படம்

'படம் எப்படி சார்?' என்று தியேட்டர் வாசலில் யாரையாவது மடக்கிக் கேட்டிருப்பீர்கள். 'ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, அப்புறம் இழுவை' என்று பதில் வரும். பாட்டு, சண்டை, இடைவேளை எதுவுமே இல்லாத காலத்தில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் படம் பார்த்தவர் என்ன பதில் சொல்லியிருப்பார்? ஒருவர் எழுதியே வைத்திருக்கிறார்.

1896. ரஷ்யாவில், வோல்கா நதிக்கரையிலுள்ள நிஷ்னி நோவ்கொரோத் நகரத்தில் பிரமாண்டமான பொருட்காட்சி. பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்ட ஆரம்பித்து (1895 டிசம்பர் 28) ஏழு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்த மெஷின் அங்கே ஆஜர்! (அதே ஜூலையில் நம் பம்பாய் வாட்ஸன் ஓட்டலுக்கும் வந்துவிட்டது. டிக்கெட் ஒரு ரூபாய்.)

உள்ளூர்ப் பத்திரிகைக்காகப் பார்க்கப் போனவருக்கு வயது 28. புனைபெயர் 'பகாத்துஸ்'. லத்தீனில் 'சாந்தமானவன்' என்று அர்த்தம். ஆள் யார் தெரியுமா? பிற்பாடு 'தாய்' நாவலை எழுதிய மக்ஸீம் கார்க்கி! 'கார்க்கி' என்றால் ரஷ்ய மொழியில் கசப்பு. சாந்தமெல்லாம் சும்மா.

எந்தப் படமும் ஒரு நிமிடம்கூட ஓடாது. ஸ்டேஷனுக்கு ரயில் வருகிறது. சிலர் சீட்டாடுகிறார்கள். தோட்டக்காரர் முகத்தில் தண்ணீர் பீய்ச்சியடிக்கிறது. அவ்வளவுதான். மற்றவர்கள் வாய்பிளந்த இடத்தில் கார்க்கிக்கு உதறல் எடுத்தது. வானம், மரம், மனித முகம் எல்லாம் சாம்பல் நிறம். சிரிக்கிறார்கள், சிரிப்புச் சத்தம் இல்லை. ரயில் வருகிறது, சக்கரம் உருளும் ஓசை இல்லை. உயிரை உறிஞ்சி எடுத்துவிட்டு வெறும் நிழலை நடமாட விட்டதுபோல அவருக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு பெண்ணின் கிளுகிளு சிரிப்பு. அப்போதுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அவருக்கு ஞாபகம் வருகிறது. படம் காட்டிய இடம், ஓமோன் என்பவர் நடத்திய கேளிக்கை விடுதி. குடி, கூத்து, கூடவே விலைக்குக் கிடைக்கும் பெண்கள். திரையிலோ அப்பாவும் அம்மாவும் கைக்குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள்! குடும்பம் என்பதே வாய்க்காத பெண்கள் இருக்கும் இடத்தில் இந்தப் படம் எதற்கு என்று கேட்டார் கார்க்கி.

என்னைக் கேட்டால், அவர் எழுதியதிலேயே உசத்தியான இடம் இதுதான். திரையைப் பார்த்த கண், அப்படியே திரும்பி அரங்கத்தையும் பார்த்திருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அப்படிப் பார்க்கிறோம்?

அதோடு ஒரு ஜோசியமும் சொன்னார். இந்தச் சாதுவான படங்கள் சீக்கிரம் காணாமல் போகும். பெண் உடை களைவதும் குளிப்பதும் திரைக்கு வரும். ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வருடமே பாரிஸில், முதலிரவுக்காகப் புதுப்பெண் உடை களையும் படம் ஒன்று வந்துவிட்டது.

சத்தமும் வண்ணமும் இல்லாததுதான் கார்க்கியின் பெரிய புகார். முப்பது வருடம் கழித்து, 1926-ல், புதோவ்கின் என்ற இளைஞர் 'தாய்' நாவலைப் படமாக்கினார். அதே சாம்பல் நிறம். அதே மௌனம். உலக சினிமாவின் மகத்தான படங்களில் ஒன்றாக இன்றைக்கும் அதைக் கொண்டாடுகிறார்கள்.