ரேகை வைத்த கைகள்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாகத் தென்கிழக்கே போனால் கமுதி. அதைச் சுற்றியுள்ள ஆப்பநாட்டு மறவர்கள் மீது 1929-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. ஊர்மக்கள் வாயில் அது ‘ரேகைச் சட்டம்’.

பத்து விரலிலும் மை தடவிப் பதிவேட்டில் உருட்டி எடுப்பார்கள். பிறகு ராத்திரியானால் ஆஜர். ஊர் தாண்ட அனுமதிச் சீட்டு. ஒரு களவும் செய்யாதவனுக்கும் இதே கதி.

களவைத் தடுக்க இது சரியான வழியா? சொன்ன நேரத்துக்கு வந்து நின்றவன் கரிசலை உழுது பிழைத்த சம்சாரி. களவுக்குத் துணிந்தவன் அந்த வரிசைக்கு ஏன் வரப்போகிறான்? அதற்கு முன்பே, பெருங்காமநல்லூர் என்ற ஊரில் இதே சட்டப்படி ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3-ல் துப்பாக்கிச் சூடே நடந்தது. மாயக்காள் என்ற பெண்ணும் மாண்டார்.

முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய் எதிர்த்தார். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-ல்தான் ரத்தானது.

ஆனால் ஒட்டுமொத்தமாக வலைவீசும் சட்டங்கள் அதோடு ஓயவில்லை. பின்னாளில் பயங்கரவாதத்தை ஒடுக்கத் தடா என்ற சட்டம் வந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 26 பேருக்கும் தூக்கு என்றது தடா நீதிமன்றம். தடா இதற்குப் பொருந்தாது என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 1999 மே மாதம் 19 பேரை விடுவித்தது. அதற்குள் அவர்கள் ஏழெட்டு வருஷத்தைச் சிறையில் தொலைத்திருந்தார்கள்.