ஹீத்ரோ – ஸ்கிபோல் வான்வழித் தொலைவும் பயண நேரமும்

லண்டனின் ஹீத்ரோவுக்கும் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோலுக்கும் இடையே நேர்வான்வழித் தொலைவு ஏறத்தாழ 370 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் செல்லும் விமானம் இதை அரை மணிக்குள் கடந்துவிட வேண்டும்; கால அட்டவணையோ சுமார் ஒன்றேகால் மணி நேரம் என்கிறது. அட்டவணை எண்ணுவது பறக்கும் நேரத்தை மட்டும் அல்ல, வாயிலை விட்டு நகர்வது முதல் மறுவாயிலில் நிற்பது வரையான நேரத்தை. 2003இல் திறக்கப்பட்ட ஸ்கிபோலின் போல்டர்பான் ஓடுபாதையில் இறங்கும் விமானம், நெடுஞ்சாலைக்கு மேலான பாலத்தில் ஊர்ந்து முனையத்தை அடையவே கால் மணி நேரம் ஆகலாம். திரும்பும் பயணத்தில், ஹீத்ரோவில் இறங்க முறை வரும்வரை வானிலேயே வட்டமிடவும் நேரலாம். ஆகவே குறுந்தொலைவுப் பயணத்தில் தொலைவை வைத்து நேரத்தைக் கணிப்பது பிழை.

அப்படியானால் தொலைவுக் கணக்கு வீண்தானே என்று கேட்கலாம். வீண் அல்ல. விமானத் தாமதத்துக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி, இழப்பீட்டை நேர்வான்வழித் தொலைவைக் கொண்டே வகுக்கிறது, 1,500 கி.மீ. வரை 250 யூரோ. காற்றும் நெரிசலும் நாள்தோறும் மாறுவதால், சட்டத்துக்கு மாறாத அளவு தேவைப்படுகிறது. பயணிக்கு வேண்டியது அட்டவணை நேரம்தான். அதிலும் ஒரு கவனம் தேவை: ஆம்ஸ்டர்டாம் கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடுவதால், காலை 10:00க்கு லண்டனில் கிளம்பி 12:15க்கு இறங்குபவர் பயணம் செய்தது ஒன்றேகால் மணி நேரமே.