போலி கிப்சன் லெஸ் பால் கித்தார்களை இனங்காணல்

போலி கிப்சன் லெஸ் பால் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் தயாரிக்கும் லெஸ் பால் மின்கித்தாரின் தோற்றத்தில், அந்நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் அனுமதியின்றிப் பொறித்து விற்கப்படும் கித்தார் ஆகும். உலகில் மிக அதிகமாகப் போலி செய்யப்படும் மின்கித்தார்களுள் லெஸ் பால் ஒன்றாகும். சீனாவில் செய்யப்படும் இத்தகைய போலிகளை, சீனா, கிப்சன் ஆகிய இரு பெயர்களையும் இணைத்து, ஆங்கிலத்தில் "சிப்சன்" எனப் பேச்சுவழக்கில் குறிப்பிடுகின்றனர்.

பழைய கித்தார் ஒன்று உண்மையானதா என்பதை எந்த ஒரு தனி அறிகுறியைக் கொண்டும் முடிவு செய்ய இயலாது. பெயர், தொடரெண், முத்திரை போன்ற மேற்பரப்பு அடையாளங்கள் எளிதில் போலி செய்யக்கூடியவை. மரத்தை இணைக்கும் முறை, கழுத்தினுள் உள்ள எஃகுக் கம்பியின் அமைப்பு, உட்புற மின்பாகங்கள் ஆகியவற்றைப் போலி செய்வது கடினம். ஆகவே இவையே வலுவான சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

இக்கட்டுரையில் வீணைக்குரிய சொற்களைத் தழுவி, கழுத்தின் குறுக்கே பதிக்கப்பட்ட உலோகக் கம்பிகள் மெட்டுகள் எனவும், உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பாகம் குதிரை எனவும் குறிக்கப்படுகின்றன.

பின்னணி

கிப்சன் நிறுவனம் 1902ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் தொடங்கப்பட்டது. கித்தார் கலைஞர் லெஸ் பாலின் (1915–2009) பெயர் தாங்கிய மின்கித்தாரை 1952இல் வெளியிட்டது. மகோகனி மர உடலின் மேல் மேப்பிள் மரப் பலகை ஒட்டப்பட்டிருப்பது இதன் சிறப்பு அமைப்பாகும். 1957இல், சேத் லவர் வடிவமைத்த, இரைச்சலைத் தவிர்க்கும் இரட்டைச் சுருள் பிக்கப் இதில் பொருத்தப்பட்டது. 1961இல் உடலின் வடிவம் முற்றிலும் மாற்றப்பட்டது. பழைய வடிவம் 1968இல் மீண்டும் தயாரிப்புக்கு வந்தது. 1970களின் நடுப்பகுதியில் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. கலமசூ தொழிற்சாலை 1984இல் மூடப்பட்டது.

நீண்ட காலத்தில் இரண்டு தொழிற்சாலைகளில் பல மாற்றங்களுடன் தயாரிக்கப்பட்டதால், உண்மையான லெஸ் பால் கித்தார்களே ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன. போலிகளை இனங்காண்பதில் உள்ள முதன்மைச் சிக்கல் இதுவேயாகும்.

நகலும் போலியும்

தோற்றத்தில் லெஸ் பாலை ஒத்த எல்லாக் கித்தார்களும் போலிகள் அல்ல. அவற்றைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

* உரிமம் பெற்றவை: கிப்சனின் தாய் நிறுவனம் 1957இல் வாங்கிய எபிபோன், ஜப்பானில் 1980களின் இறுதியிலிருந்து 1990களின் இறுதி வரை விற்கப்பட்ட ஆர்வில் ஆகிய பெயர்களில் வந்த லெஸ் பால் கித்தார்கள் முறைப்படி தயாரிக்கப்பட்டவை.
* நகல்கள்: 1970களில் ஐபனேசு முதலிய ஜப்பானியக் கித்தார்கள் லெஸ் பாலின் வடிவத்தைப் பின்பற்றி, தத்தம் சொந்தப் பெயரில் விற்கப்பட்டன.
* போலிகள்: கிப்சன் அல்லாத கித்தாரில் கிப்சன் என்ற பெயரை இட்டு விற்கப்படுபவை. எபிபோன் அல்லது ஜப்பானிய நகல் ஒன்றின் பெயரைச் சுரண்டி எடுத்து, கிப்சன் பெயரைப் பதித்து விற்பதும் இவ்வகையைச் சேரும்.

மூன்றாம் வகையில் மட்டுமே வாங்குபவர் ஏமாற்றப்படுகிறார்.

உடலமைப்புச் சான்றுகள்

தலைப்பகுதி

கிப்சன் கித்தார்களின் கழுத்தும் தலைப்பகுதியும் வழமையாக ஒரே மகோகனிக் கட்டையிலிருந்து செதுக்கப்படுகின்றன. அக்கட்டை தலைப்பகுதியின் முழு அகலத்துக்குப் போதாது என்பதால், இரு பக்கங்களிலும் சிறு மரத்துண்டுகள் ஒட்டப்படுகின்றன. தலைப்பகுதியின் பின்புறம் ஒளி ஊடுருவும் நிறமாயின், ஓரங்களை ஒட்டி நீளவாக்கில் செல்லும் இரு மெல்லிய ஒட்டுக்கோடுகளைக் காணலாம்.

பெரும்பாலான போலிகளில், மரத்தை மிச்சப்படுத்துவதற்காகத் தலைப்பகுதி தனியாகச் செய்யப்பட்டுக் கழுத்துடன் சாய்வாக ஒட்டப்படுகிறது. இந்த ஒட்டு கழுத்தின் பின்புறத்தில் குறுக்குக் கோடாகத் தெரியும். இது போலியைக் காட்டும் வலுவான அறிகுறியாகும். எனினும், லெஸ் பால் கித்தார்கள் கீழே விழும்போது தலைப்பகுதியில் முறிவது மிகவும் பொதுவானது. முறிந்து ஒட்டப்பட்ட உண்மையான கித்தாரிலும் அவ்விடத்தில் கோடு இருக்கும். முறிவுக் கோடு ஒழுங்கற்றுச் செல்லும். தொழிற்சாலை ஒட்டு நேராக இருக்கும்.

தலைப்பகுதியின் மேல்விளிம்பு திறந்த புத்தகத்தைப் போன்ற வளைவு கொண்டது. பல போலிகளில் இவ்வளைவு தட்டையாகவோ கூர்மையாகவோ அமைகிறது. ஆனால் சில எபிபோன் கித்தார்களுக்கும் இதே வடிவம் வழங்கப்பட்டுள்ளதால், இது மட்டும் உண்மைக்குச் சான்றாகாது.

கழுத்தினுள் உள்ள கம்பி

தந்திகளின் இழுவிசையால் கழுத்து வளையாதிருக்க அதனுள் டிரஸ் ராடு எனப்படும் எஃகுக் கம்பி பொருத்தப்படுகிறது. இதை முறுக்கும் முனை தலைப்பகுதியில் மணி வடிவ மூடியின் கீழ் உள்ளது. கிப்சன் மூடி இரண்டு திருகாணிகளால் பொருத்தப்படும். பல போலிகளில் மூன்று திருகாணிகள் காணப்படுகின்றன.

மூடியைக் கழற்றிப் பார்ப்பது மேலும் பயனளிக்கும். கிப்சன் கித்தார்களில் கம்பியின் முனையில் பித்தளையாலான அறுகோண நட்டு இருக்கும். அதைக் குழல் வடிவச் சாவியால் வெளிப்புறமாகப் பற்றித் திருப்ப வேண்டும். போலிகளில் பெரும்பாலும் உட்குழிவான முனை அமைந்து, ஆலன் சாவியால் திருப்பப்படுகிறது. இதைச் சரிபார்க்கச் சிறு திருப்புளி ஒன்றே போதுமானது.

மெட்டுகளும் ஓரப்பட்டையும்

லெஸ் பால் ஸ்டாண்டர்டு, கஸ்டம் போன்ற வகைகளில் விரற்பலகையின் ஓரங்களில் நெகிழிப்பட்டை ஒட்டப்பட்டிருக்கும். கிப்சன் முறையில் மெட்டுகள் இப்பட்டையின் உள்விளிம்புடன் முடிவடையும். ஒவ்வொரு மெட்டின் முனையையும் பட்டையின் சிறு மேடு ஒன்று மூடியிருக்கும். போலிகளில் மெட்டுகள் பட்டையின் மேலேறி வெளி ஓரம் வரை நீளும்.

இதற்கும் விலக்குகள் உள்ளன. மெட்டுகள் மாற்றப்பட்ட பழைய கித்தார்களில் இம்மேடுகள் பொதுவாக நீக்கப்பட்டிருக்கும். 2014இலிருந்து கிப்சன் நிறுவனமே சில வகைகளில் இவற்றைக் கைவிட்டது. லெஸ் பால் ஸ்டூடியோ வகையில் பொதுவாக ஓரப்பட்டையே கிடையாது.

குதிரை

போலிகளின் குதிரை, தலையில் திருப்புளிப் பள்ளம் உள்ள தடித்த தண்டுகளின் மேல் அமர்ந்திருப்பது பொதுவான அடையாளமாகும். 1950களின் முறையில் அமைந்த கிப்சன் குதிரையின் தண்டுகள் மெல்லியவை. அவை நேரடியாக மரத்தினுள் திருகப்பட்டு, சிறு சக்கரங்களால் குதிரையைத் தாங்குகின்றன. குதிரை எளிதில் மாற்றக்கூடிய பாகம் என்பதால் இது துணைச் சான்று மட்டுமே.

உடல்

கிப்சனின் மேப்பிள் மேற்பலகை தடித்தது. வில் போன்று செதுக்கப்பட்டது. போலிகளில் பெரும்பாலும் மலிவான மரத்தின் மேல், அலையலையான கோலம் கொண்ட மெல்லிய மரத்தகடு ஒட்டப்படுகிறது. பிக்கப்பைக் கழற்றி அதன் குழியின் விளிம்பைப் பார்த்தால், மேப்பிள் பலகையின் தடிப்பும் அதன் கீழ் மகோகனி தொடங்கும் இடமும் தெரியும்.

எடையை நம்பத்தகுந்த சான்றாகக் கொள்ள இயலாது. 1980களிலிருந்து எடையைக் குறைப்பதற்காகப் பல கிப்சன் உடல்களில் உட்புறத் துளைகள் இடப்பட்டன.

மின்பாகங்கள்

பின்புற மூடியைத் திறந்தால், ஒலியளவையும் தொனியையும் கட்டுப்படுத்தும் நான்கு மாறுமின்தடைகளைக் காணலாம். கிப்சன் கித்தார்களில் இவை பெரிய அளவிலானவை. போலிகளில் சிறியவையாகவும், மின்கம்பிகள் மெல்லியனவாகவும், பற்றாசு ஒழுங்கற்றதாகவும் இருப்பது வழக்கம்.

அமெரிக்க மாறுமின்தடைகளின் முதுகில் உற்பத்தியாளர் குறியீடும் தேதியும் பொறிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, 1377823 என்பதில் 137 சிடிஎஸ் நிறுவனத்தையும், 78 என்பது 1978ஆம் ஆண்டையும், 23 அவ்வாண்டின் வாரத்தையும் குறிக்கும். பாகங்கள் மாற்றப்படாதிருந்தால் கித்தார் இத்தேதிக்கு முன் செய்யப்பட்டிருக்க இயலாது. 2008 முதல் சில வகைகளில் கம்பிகளுக்குப் பதிலாக மின்சுற்றுப் பலகை பயன்படுத்தப்பட்டது. அதனைக் கண்டு கித்தாரைப் போலி எனக் கருதுதல் தவறாகும்.

தொடரெண்

வாங்குபவர்கள் முதலில் நாடுவது தலைப்பகுதியின் பின்புறத்தில் உள்ள தொடரெண்ணையே. ஆனால் உண்மையான கித்தார் ஒன்றின் எண்ணைப் பார்த்து அப்படியே பொறித்துவிடலாம் என்பதால், சரியான எண் எதையும் நிறுவாது. தவறான எண் மட்டுமே பயனுள்ள செய்தியைத் தரும். லெஸ் பாலின் எண் முறைகள் சுருக்கமாகப் பின்வருமாறு:

* 1952: பொதுவாக எண் இல்லை.
* 1953–1961: மையால் அச்சிடப்பட்டது, முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தைக் குறிக்கும்.
* 1961–1975: மரத்தில் அழுத்திப் பொறிக்கப்பட்டது. ஒரே எண் வெவ்வேறு ஆண்டுகளில் மீண்டும் பயன்படுத்தப்பட்டதால், எண்ணை மட்டும் கொண்டு ஆண்டை அறிய இயலாது.
* 1975–1977: ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்டது, 99, 00, 06 எனத் தொடங்குபவை முறையே 1975, 1976, 1977ஆம் ஆண்டுகளைக் குறிக்கும்.
* 1977 முதல்: எட்டு இலக்கங்கள். முதலாம், ஐந்தாம் இலக்கங்கள் ஆண்டையும், இடைப்பட்ட மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும், கடைசி மூன்றும் அன்றைய வரிசையையும் குறிக்கும்.
* 2005 முதல்: மேலும் ஓர் இலக்கம் சேர்ந்து ஒன்பது இலக்கங்களாயின.

எடுத்துக்காட்டாக, 90453612 என்ற எண்ணில் 9, 3 ஆகியவை 1993ஆம் ஆண்டையும், 045 அவ்வாண்டின் 45ஆம் நாளான பெப்ரவரி 14ஐயும், 612 வரிசையையும் குறிக்கின்றன. இம்முறையில் நாளைக் குறிக்கும் இலக்கங்கள் 366ஐ விட அதிகமாக இருக்க இயலாது. 1994ஆம் ஆண்டின் பல எண்கள் 94 எனவும், 2014ஆம் ஆண்டின் எண்கள் 14 எனவும் தொடங்குவது விலக்காகும். 1950களின் கித்தார்களை மீளுருவாக்கும் சிறப்பு வகைகளுக்கு மையால் அச்சிட்ட தனி எண்முறை உண்டு. ஆகவே, எண் பொது முறைக்குப் பொருந்தாதபோது முதலில் கித்தாரின் வகையை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பழம்பெரும் கித்தார்களின் போலிகள்

1958 முதல் 1960 வரை செய்யப்பட்ட, சூரியக் கதிர் போன்ற நிறப்பூச்சுடைய லெஸ் பால் ஸ்டாண்டர்டு கித்தார்கள் 2,000க்கும் குறைவானவை. இவை இலட்சக்கணக்கான டாலர்களுக்கு விற்கப்படுவதால், தேர்ந்த கைவினைஞர்கள் பழைய மரத்தையும் பழைய பாகங்களையும் கொண்டு இவற்றைப் போன்று உருவாக்குகின்றனர். 1952–1957 காலத்துப் பொன்னிறக் கித்தார்களும் இவ்வாறு மாற்றப்படுகின்றன. மேற்கூறிய எளிய சோதனைகள் இங்கு போதா. பற்றாசு, பசை, மெருகு ஆகியவற்றை வல்லுநர் ஆராய வேண்டும். பழைய நைட்ரோசெல்லுலோசு மெருகு புறஊதா ஒளியில் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் ஒளிரும்; பின்னாளில் பூசப்பட்ட இடங்கள் வேறுபட்டுத் தெரியும்.

பிக்கப்புகளின் அடியில் ஒட்டப்பட்ட முத்திரைத்தாள் ஒரு சுவையான சான்றாகும். தொடக்கத்தில் இதில் "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடர் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் அதற்குப் பதிலாக 2,737,842 என்ற காப்புரிமை எண் அச்சிடப்பட்டது. இது பிக்கப்பின் எண்ணே அன்று. லெஸ் பால் வடிவமைத்த தந்திப்பிடிப்பின் காப்புரிமை எண்ணாகும். பிக்கப்பின் உண்மையான எண் 2,896,491. பிழையாகத் தோன்றும் எண்ணே இங்கு உண்மையான முத்திரைக்குரியது. இம்முத்திரைகளின் மறுபதிப்புகளும் விற்கப்படுவதால் இதுவும் தனித்துப் போதுமான சான்று அன்று.

உண்மையானவற்றைப் போலி எனக் கருதுதல்

1970களில் செய்யப்பட்ட லெஸ் பால் கித்தார்களில், கழுத்து நீளவாக்கில் ஒட்டப்பட்ட மூன்று மரத்துண்டுகளால் ஆனது. தலைப்பகுதி தொடங்கும் இடத்தின் பின்புறம் ஒரு புடைப்பும் இருக்கும். 1969 முதல் 1970களின் நடுப்பகுதி வரை உடலும் அடுக்கடுக்காக ஒட்டப்பட்டது. இவ்வடையாளங்கள் அறியாதோருக்கு மலிவான போலியின் அடையாளங்களாகத் தோன்றக்கூடும். பெயரின் எழுத்து வடிவமும் காலத்துக்குக் காலம் மாறியுள்ளது. ஆகவே, ஐயத்துக்குரிய கித்தாரை அதே ஆண்டு, அதே வகையைச் சேர்ந்த உண்மையான கித்தாருடன் மட்டுமே ஒப்பிட வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* தலைப்பகுதியின் முன்புறம், பின்புறம், டிரஸ் ராடு முனை, மெட்டுகளின் ஓரம், மின்பாகக் குழி ஆகிய ஐந்தின் தெளிவான ஒளிப்படங்களை விற்பவரிடம் கேட்டுப் பெற வேண்டும்.
* தொடரெண் மறைக்கப்பட்ட ஒளிப்படத்தை மட்டும் கொண்டு வாங்கலாகாது.
* குறைந்தது மூன்று உடலமைப்புச் சான்றுகள் ஒரே முடிவைக் காட்டுகின்றனவா எனப் பார்க்க வேண்டும்.
* மெருகைச் சோதிக்க அசிட்டோன் முதலிய கரைப்பான்களைத் தடவலாகாது. அவை நைட்ரோசெல்லுலோசு மெருகைக் கரைப்பதால், உண்மையான கித்தாரே பழுதாகும்.
* சந்தை விலையைவிட மிகக் குறைந்த விலையும், உடனே பணம் செலுத்துமாறு வற்புறுத்துவதும் எச்சரிக்கை அடையாளங்கள்.

சட்ட நடவடிக்கைகள்

1977இல் கிப்சனின் அன்றைய உரிமையாளரான நார்லின் நிறுவனம், தலைப்பகுதியின் வடிவம் தொடர்பாக, ஐபனேசு கித்தார்களை அமெரிக்காவில் விற்ற எல்கர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. இது நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டது. 2005இல், பால் ரீட் ஸ்மித் நிறுவனத்தின் ஒத்த வடிவக் கித்தாருக்கு எதிரான வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் கிப்சனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இவை வடிவம் பற்றிய பூசல்கள். பெயரையே பொறித்த போலிகளை எல்லையில் பறிமுதல் செய்ய இயலும். லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகத்தில் 3,000க்கும் மேற்பட்ட போலி கிப்சன் கித்தார்கள் கைப்பற்றப்பட்டதாக அமெரிக்கச் சுங்கத்துறை 2024 திசம்பரில் அறிவித்தது. அவை உண்மையானவையாக இருந்திருப்பின் மதிப்பு 1.8 கோடி டாலருக்கும் அதிகமாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* கித்தார்
* மின்கித்தார்
* லெஸ் பால்
* காப்புரிமை
* வணிகக்குறி