திதி பார்க்காமல் வந்த விருந்தாளிகள்

இரண்டாம் உலக யுத்தம் என்றால் பேர்ல் ஹார்பர், நார்மண்டி, ஹிரோஷிமா என்ற பெயர்கள்தான் நினைவுக்கு வரும். ஒரு குண்டுகூட விழாத நார்த் பிளாட் என்ற சிற்றூர் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் நடுவே, நெப்ராஸ்கா மாநிலத்தில், யூனியன் பசிபிக் ரயில்வேயை நம்பி வளர்ந்த ஊர். அன்றைய ஜனத்தொகை சுமார் 12,000. நீராவி எஞ்ஜின்களுக்குத் தண்ணீர் பிடிப்பதற்காக ரயில்கள் அங்கு 10 நிமிஷம் போல் நிற்கும்.

பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட 10-வது நாள், 1941 டிசம்பர் 17 அன்று, நெப்ராஸ்காவின் ‘டி’ கம்பெனி வீரர்கள் அவ்வழியே போவதாகச் செய்தி பரவியது. உள்ளூர்ப் பிள்ளைகள் ஆயிற்றே! சுமார் 500 பேர் தின்பண்டங்களும் பரிசுகளுமாக ஸ்டேஷனில் கூடிவிட்டார்கள். ரயிலும் வந்தது. அதில் இருந்ததும் ‘டி’ கம்பெனிதான். ஆனால் கன்சாஸ் மாநிலத்தின் ‘டி’ கம்பெனி! சற்றுத் தயங்கியவர்கள், பிறகு எல்லாவற்றையும் அந்த அயலூர்ப் பையன்களுக்கே கொடுத்து வழியனுப்பினார்கள்.

கூட்டத்தில் ரே வில்சன் என்ற இளம்பெண் இருந்தாள். மருந்துக் கடையில் வேலை. அவளுடைய சகோதரன் நெப்ராஸ்கா கம்பெனியில் இருந்தான். அவனைப் பார்க்க முடியாத ஏமாற்றத்தோடு வீடு திரும்பியவள், ‘வருகிற ரயில்களுக்கெல்லாம் இப்படிச் செய்தால் என்ன?’ என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள். டிசம்பர் 25 அன்று கான்டீன் தொடங்கிவிட்டது.

1946 ஏப்ரல் 1 வரை அது நடந்தது. உபசாரம் பெற்றவர்கள் சுமார் 60 லட்சம் பேர். நான் சயன்ஸ் படித்தவன். கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மொத்தம் 1,558 நாட்கள். தினம் சராசரி 3,850 பேர். 12,000 பேர் உள்ள ஊருக்கு இது சாத்தியமா? சுற்று வட்டாரத்தில் 125 ஊர்கள் முறை வைத்துக்கொண்டு வந்து கைகொடுத்தன. சர்க்கரைக்கு ரேஷன் இருந்த காலத்தில் தம் வீட்டுப் பங்கைக் கொடுத்து கேக் செய்தார்கள். அன்று யாருக்காவது பிறந்த நாள் என்றால் முழு கேக்கே பரிசு. அரசாங்கப் பணம் கிடையாது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மட்டும் 5 டாலர் அனுப்பினார்.

ராணுவ ரயில் வரும் நேரம் ரகசியம். ‘காபி அடுப்பில் இருக்கிறது’ என்று சங்கேதமாகத் தகவல் வரும்; உடனே மேஜைகள் தயாராகும். ‘அதிதி’ என்ற சொல்லுக்குத் திதி பார்க்காமல் வருபவன் என்று பொருள் சொல்வார்கள். இவர்களைவிடப் பொருத்தமான அதிதிகள் உண்டா?

கப்பலேறப் போகும் மாலுமிகளும் அவர்களில் அடக்கம். பசிபிக் கடலோ ஆயிரம் மைலுக்கு அப்பால். அந்தத் தூரத்தையே பாதுகாப்பாகக் கருதி, அதே மாநிலத்தில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரில் கடற்படையின் மாபெரும் வெடிமருந்துக் கிடங்கை அமைத்தார்கள். போர்க்கப்பல்களின் குண்டுகளும், அவற்றைச் சுட வேண்டிய பையன்களும் அந்தச் சமவெளி வழியே ரயிலில்தான் கடலுக்குப் போனார்கள். பலர் திரும்பவில்லை. திரும்பியவர்கள், முதுமையிலும் அந்த 10 நிமிஷத்தை மறக்கவில்லை.

1971-ல் அங்கு பயணிகள் ரயில் நின்றது. 1973-ல் ஸ்டேஷன் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். ஆனால் 2018-ல் ஆர்கன்சா மாநிலத்துத் துருப்புகள் சுமார் 700 பேர் பஸ்களில் அவ்வழியே வந்தபோது, ஊரார் மறுபடி திரண்டு உபசரித்தார்கள். அவர்களும் அயலூர்ப் பையன்களே.

நம்மைப் போன்ற சங்கங்கள் ‘நம்மவர்’ என்ற பாசத்தில் பிறப்பவை, அதில் தவறில்லை. நார்த் பிளாட்டும் அப்படித்தான் தன் பிள்ளைகளுக்காகக் கூடையைச் சுமந்து சென்றது. வந்தவர்கள் தன் பிள்ளைகள் இல்லை என்று தெரிந்ததும் கூடையைத் திரும்ப எடுத்துப் போயிருந்தால், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இன்று அந்த ஊரை நினைக்கவும் ஆள் இருந்திருக்காது.